ஒன்பதாம் பத்தியில் உன் பெயர்

எனக்குப் பின் பிறந்து எனக்கு முன் போய்விட்டதாக எல்லாரும் சொல்கிற என் தம்பி பிரான்சிஸுக்கு,

உனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. நீ பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் இருந்தாய். நான் பெருநிலத்தில், தாசேக் கெலுகோரில். இடையில் ஒரு நீரிணை, அதைக் கடக்கச் சில நிமிடங்கள். அவ்வளவு அருகில் இருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாத முகவரிக்கு எழுதுவதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுனுக்குப் போய் வந்தேன், தம்பி. ஒரே ஒரு பகல். உன்னைத் தேடிய நாட்களுக்குப் பிறகு அதுவரை அந்த ஊரில் நான் காலே வைக்கவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உன் சீன நண்பர் ஆ செங்குடன் நீ விடிகாலையில் மீன் பிடிக்கப் போனாய். முற்பகலில் காற்றும் மழையும் வந்தன. கவிழ்ந்த போட்டை மறுநாள் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் நாள் ஓர் உடல் கரை ஒதுங்கியது. அடையாளம் சொல்ல என்னை அழைத்தார்கள். துணியை விலக்கினார்கள். "இவர் என் தம்பி இல்லை" என்றேன்.

வெளியே வந்து ஸ்டெல்லாவிடம் அதையே சொன்னேன். உன் மனைவி உடனே நெற்றியில் சிலுவை வரைந்து "இயேசுவே நன்றி" என்றாள். அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் ஆ செங்கின் மனைவி உட்கார்ந்திருந்ததை இருவரும் பார்த்தோம். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து உள்ளே போன நடையை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தீவுக்கு நான் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன்பின் தீவில் எனக்கு இருந்த வழக்கு வேலைகளைக் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிட்டு, இங்கேயே நிலப் பத்திரங்களோடு இருந்துகொண்டேன். உன் மகள் ஷெரின் புக்கிட் தெங்காவில் வேலைக்குச் சேர்ந்தபின் மாதம் ஒருமுறை வந்து போகிறாள். உன்னைப் போலவே செருப்பை வாசலில் உதறிவிட்டு வருகிறாள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் ஒரு கணம் இருக்கிறதே, அந்தக் கணத்தைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை.

சட்டத்தை உனக்கு எளிமையாகச் சொல்கிறேன். ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாகவே அறிந்திருக்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. ஏழு ஆண்டுகள் அவர்களுக்கு எந்தச் செய்தியும் எட்டவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஸ்டெல்லா கேட்டாள். அவளுக்கு அதற்குக் காரணம் இருந்தது. தேவாலயத்தில் அவளோடு பாடற்குழுவில் இருக்கும் சேவியர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியை இழந்தவர், அவளை மணக்க விரும்புகிறார். அவளும் விரும்புகிறாள். நீதிமன்ற ஆணை இல்லாமல் பங்குத் தந்தை திருமணத்தை மந்திரிக்க முடியாது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, பிரான்சிஸ்.

நமக்கு அப்பா அம்மா இல்லை. வேறு உடன்பிறப்பும் இல்லை. "இயல்பாக அறிந்திருக்க வேண்டியவர்" என்று சட்டம் சொல்வது என்னைத்தான். என் பிரமாணப் பத்திரம் இல்லாமல் அவள் மனு நிற்காது.

அவளுடைய வழக்கறிஞர் தர்ஷினி வரைவை அனுப்பினார். சுத்தமான வரைவு. எட்டுப் பத்திகளில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்பதாம் பத்தி இப்படி இருந்தது: "காணாமற்போன நாள் முதல் இன்றுவரை மேற்படி பிரான்சிஸிடமிருந்தோ, அவரைப் பற்றியோ எந்தச் செய்தியும் எனக்குக் கிடைக்கவில்லை."

நான் இரண்டாம் பத்தியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அடுத்த வரைவில் உன் அடையாள அட்டை எண்ணுக்கு முன் ஓர் இடைவெளி குறைவதாக எழுதினேன். மூன்றாவது வரைவில் "மேற்படி" என்பது மிகுதியாக வருகிறது என்றேன். மூன்று மாதம் போயிற்று. பிறகு ஸ்டெல்லா தொலைபேசியில் வந்தாள்.

"அண்ணே, கமா எல்லாம் சரியாயிடுச்சா?"

"ஒரு சிறு விஷயம்தான் பாக்கி, ஸ்டெல்லா."

"எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. சாயம் பூசிக்கிட்டு நிக்கிறேன். இன்னும் நீங்க புள்ளி வச்சு முடிக்கலே. புதன்கிழமை பினாங்குக்கு வாங்க. என் கண்ணு முன்னால சைன் பண்ணுங்க. இல்லே, முடியாதுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"பட்டர்வொர்த்திலேயே பிரமாண ஆணையர் இருக்கிறார். நான் அங்கே—"

"அங்க இருக்கிற ஆளுதான் மூணு மாசமா இருக்காரே! வாங்கண்ணே."

புதன்கிழமை காலை கொம்யூட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போனேன். என் காடியை ஓட்டிக்கொண்டு பாலத்தில் போயிருக்கலாம். பாலத்தின் மேலிருந்து அந்தத் தண்ணீரை அவ்வளவு அகலமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஃபெர்ரியில் தண்ணீர் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. நீ அறிந்த பழைய பெரிய ஃபெர்ரிகள் இப்போது இல்லை, தம்பி. காடிகள் ஏறும் தளமும் இல்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். கண்ணாடி அடைத்த குளிர்ந்த அறையில் உட்காரலாம். நான் வெளியேதான் நின்றேன். அலையில் ஏதோ கறுப்பாக மிதந்தது. அது தேங்காய் மட்டை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அது பின்னால் போய் மறையும்வரை பார்த்தேன்.

இறங்கியபின் கூட்டத்தில் நடந்தேன். அந்த ஊரில் முதுகைக் காட்டி நடக்கும் ஆண்கள் எல்லாரும் ஏன் உன் தோளோடு பிறந்திருக்கிறார்கள்? நீலச் சட்டை போட்ட ஒருவர் சாலையைக் கடக்க நின்றார். நான் அவரைத் தாண்டிப் போய், எதையோ மறந்தவன் போலத் திரும்பி, முகத்தைப் பார்த்தேன். அவர் "என்ன வேணும் அங்கிள்?" என்று கேட்டார். வழி கேட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வழி.

வழக்கறிஞர் அறை ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில். ஸ்டெல்லா சேலை கட்டி வந்திருந்தாள். மேசைமேல் ஏழு பக்கங்களும் தைத்துத் தயாராக இருந்தன. தர்ஷினி பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்திடுவதற்கு முன் ஸ்டெல்லாவிடம் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்றேன்.

கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். நான் பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தேன். எனக்கு வரும் அழைப்புகளை நேரத்தோடு குறித்து வைக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். அதற்காக நீ என்னைக் கேலி செய்ததும் உண்டு. நீ போன இரண்டாம் ஆண்டில், ஒரு பகலில், தாய்லாந்து எண் ஒன்றிலிருந்து என் ஹென்போனுக்கு அழைப்பு வந்தது. நான் ஹலோ என்றேன். யாரும் பேசவில்லை. யாரோ இருந்தார்கள், மூச்சு இருந்தது. பின்னணியில் ஒரு சத்தம் கேட்டது. பதினொரு விநாடியில் தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது அந்த எண் அணைந்திருந்தது. அன்று மாலையும் மறுநாளும் அதற்கடுத்த வாரமும் அழைத்தேன்.

காணாமற்போவதற்கு இரண்டு வாரம் முன்பு நீ என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "ஒரு நாளைக்கு எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிடணும்ணே. போனே இல்லாத எடமா." நான் தட்டைப் பார்த்தபடி, "விடுப்பு எடுத்துக்கொண்டு போ" என்றேன். அந்த வாக்கியத்தையும் இந்தப் பதினொரு விநாடியையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் வாழ்ந்தேன். நீ உயிரோடிருக்கிறாய் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டெல்லா ஒவ்வொரு மணியோசைக்கும் ஓடுவாள் என்று நினைத்தேன்.

இதை அவளிடம் சொன்னேன். சட்டத்தின் விளைவையும் சொன்னேன்: அந்த அழைப்பு உன்னுடையது என்றால் ஏழு ஆண்டு அன்றிலிருந்துதான் தொடங்கும். இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவள் காத்திருக்க வேண்டும். அதை மறைத்து ஒன்பதாம் பத்தியில் நான் கையெழுத்திட முடியாது.

அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"அது நான்தாண்ணே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் தலை நிமிராமல் பேசினாள்.

"மீன் லோரி ஓட்டுற ஒரு பையன் சொன்னான், தாய்லாந்துல, ஹாட்யாய்ல உங்க தம்பி மாதிரி ஒருத்தரப் பாத்தேன்னு. ஷெரின் கிட்ட புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன். அங்க போய் எறங்குனா பாஷை தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஒரு சிம் வாங்குனேன். அவர் போட்டோவக் காட்டிக் காட்டிக் கேட்டேன். எல்லாம் தலைய ஆட்டுனாங்க. ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது பயம் வந்துருச்சு. உங்களுக்கு அடிச்சேன். நீங்க ஹலோ ஹலோன்னீங்க. எனக்கு வாய் வரலே. என்னன்னு சொல்றது? உங்க தம்பியத் தேடி வந்தேன், கெடைக்கலேன்னா? நீங்க வீட்டுக்கு வாம்மான்னு சொல்லிடுவீங்க. வச்சிட்டேன். சிம்மத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை?"

"நீங்க ஏன் சொல்லலே?"

நான் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், பிரான்சிஸ். எந்த மாதம் என்று கேட்டேன். சொன்னாள், பொருந்தியது. காலையா மாலையா என்றேன். "பகல்தான், சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றாள். என் குறிப்பில் ஒன்று பத்து என்று இருந்தது. அங்கே மணி ஒன்று குறைவு, பொருந்தியது. நான் ஹலோ ஹலோ என்றதாக அவள் சொன்னதற்கு மதிப்பில்லை. எந்த மனிதனும் அப்படித்தான் சொல்வான். மாதத்தையும் நேரத்தையும்கூட, கேள்விக்கு முன்பே நான் அவளிடம் விரித்து வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து அவள் படித்திருக்கலாம். அப்படி அவள் செய்தாள் என்று சொல்லவில்லை. செய்திருக்க முடியும் என்று மட்டும் சொல்கிறேன்.

கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பின்னணியில் கேட்டது என்ன சத்தம்? அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. மனத்தில் மட்டும் வைத்திருந்தேன். அழைத்தவர் எங்கே நின்றார் என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிடும். அவள் சரியாகச் சொன்னால் அழைத்தது அவள். தவறாகச் சொன்னால் அவள் இல்லை.

நாக்கின் நுனிவரை வந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தவறாகச் சொல்லியிருந்தால், சேவியரோடு அவள் வாழ நினைத்த வாழ்க்கையை நான் அந்த மேசையிலேயே முடித்திருப்பேன். சரியாகச் சொல்லியிருந்தால், உன்னை முடித்திருப்பேன். இரண்டு பதிலையும் தாங்கும் வலு எனக்கு இல்லை.

நான் கேட்கவில்லை.

மாடிக்குத் திரும்பி நடந்ததை எல்லாம் தர்ஷினியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அங்கிள், நீங்களும் லாயர். இதை உள்ள போட்டா ஜட்ஜ் நோண்டிக் கேட்பாருலா. இழுத்துக்கிட்டே போகும்."

"போடாவிட்டால் என்னை நானே கேட்டுக்கொண்டிருப்பேன், மிஸ். அது இதைவிட நீளமாக இழுக்கும்."

"உங்க வயசுல இவ்வளவு பிடிவாதம் கூடாது" என்று முனகிக்கொண்டே தட்டச்சு செய்தார். ஒன்பதாம் பத்தி நீண்டது. அழைப்பு வந்த நாள், நேரம், பதினொரு விநாடி, "பின்னணியில் ஒரு சத்தம் தவிர எவரும் பேசவில்லை" என்ற வரி, எல்லாம் ஏறின. அழைத்தவர் தானே என்று மனுதாரர் எனக்குத் தெரிவித்ததும், அதை நான் உண்மையென நம்புவதும் ஏறின. பிறர் சொல்லக் கேட்டதைப் பிரமாணத்தில் எழுதும்போது அந்த நம்புகிறேன் என்ற சொல் இருந்தே தீர வேண்டும். ஆயிரம் பேருக்கு அந்தச் சொல்லை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றுதான் அதன் எடையை முதன்முதலாகத் தூக்கினேன்.

பிரமாண ஆணையர் பக்கத்துக் கடையில் ஒரு வயதான மலாய்க்காரர். வழக்கமான கேள்வியைக் கேட்டார்: வேதத்தைத் தொட்டுச் சத்தியமா, வெறும் உறுதிமொழியா? என் தொழில் வாழ்க்கை முழுவதும் நான் உறுதிமொழிதான் கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் பெயரை நிலப் பத்திரத்துக்குள் இழுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதை எச்சரிக்கை என்றும் சொல்லலாம். அன்று, "சத்தியம்" என்றேன். அவர் இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த பைபிளை எடுத்து, மேலிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் கையெழுத்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். உன்னை இரண்டு முறை இறந்தவனாக்கினேன்.

படகுத்துறைவரை அவள் கூட வந்தாள். கையில் ஒரு பொட்டலம், பசியாற வடை. "ரயில்ல சாப்பிடுங்க, சும்மா யோசிச்சிக்கிட்டே போகாதீங்க" என்றாள். பிறகு, "அவரு என்னை மன்னிப்பாராண்ணே?" என்று கேட்டாள். எதற்கு மன்னிக்க வேண்டும், சேவியருக்காகவா, ஹாட்யாயில் பேசாமல் வைத்துவிட்டதற்காகவா, வேறொன்றுக்காகவா என்று நான் கேட்கவில்லை. அன்று நான் கேட்காத இரண்டாவது கேள்வி அது.

விசாரணை நாளில் நீதிபதி ஒன்பதாம் பத்தியை இருமுறை படித்தார் என்று தர்ஷினி சொன்னார். ஸ்டெல்லாவிடம் ஹாட்யாய்ப் பயணத்தைப் பற்றிச் சிலவற்றைக் கேட்டாராம். சத்தத்தைப் பற்றி மட்டும் அவரும் கேட்கவில்லை. ஆணை வந்துவிட்டது. நீ இறந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறாய், தம்பி. முத்திரை வைத்த நகல் ஒன்று எனக்கும் வந்தது. உன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஸ்டெல்லாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவளைச் சந்தேகித்த இடங்களில் என் குரல் தணிந்தது. "சத்தமாப் படிங்க, அது உங்க தொழில்தானே" என்றாள். முடிந்தபின், "போடுங்கண்ணே. ஆனா என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க" என்றாள். என்ன சத்தம் அது என்று அவள் கேட்கவில்லை. தானாகச் சொல்லவும் இல்லை. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை. அழைத்தது நீ என்றால் உனக்கே தெரியும்.

பகலில் நான் அவளை நம்புகிறேன். நம்புவதற்குப் போதிய ஆதாரம் உண்டு. வேறு யார் வழக்காக இருந்தாலும் அது போதும் என்றே ஆலோசனை சொல்வேன். ஆனால் தாய்லாந்து எண் எதையாவது எங்கே பார்த்தாலும், ஒரு லோரியின் பக்கவாட்டில், ஒரு மீன் பெட்டியின் மேல், நான் நின்று படிக்கிறேன். இறந்தவனைத் தேடுவது குற்றமில்லை என்று நினைக்கிறேன். உயிரோடிருப்பவனை இறந்தான் என்று சத்தியம் செய்திருந்தால்?

திருமணம் டத்தோ கிராமாட் பக்கத்துக் கோயிலில். சேவியர் வீடு வந்து, என்னை "அண்ணன்" என்று அழைக்கலாமா என்று அனுமதி கேட்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அழையுங்கள் என்றேன். பதிவேட்டில் சாட்சியாகக் கையெழுத்திட ஸ்டெல்லா என்னைத்தான் கேட்டிருக்கிறாள். மறுபடியும் அந்தத் தண்ணீரைக் கடப்பேன்.

இனி நான் உனக்குத் தரும் வாக்கு. நீ என்றாவது வந்து நின்றால் அவள் வாசலுக்குப் போகாதே; முதலில் என்னிடம் வா. உன்னைச் சட்டப்படி இறந்தவனாக்கிய கையெழுத்து என்னுடையது. அந்த ஆணையை நீக்கும் மனுவை நானே எழுதுவேன். பிழை என்னுடையது என்று அதன் முதல் பத்தியிலேயே இருக்கும். அவளை எவரும் ஒரு கேள்வியும் கேட்க விடமாட்டேன். நீ வரவில்லை என்றால், வரும் கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் கொடுக்கும் இறந்தோர் பட்டியலில், அப்பா அம்மா பெயருக்குக் கீழே உன் பெயரை என் கையாலேயே எழுதுவேன். இரண்டில் எது நடந்தாலும், உனக்காக அவளை இனி ஒரு நாளும் காக்க வைக்க மாட்டேன்.

நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்கு மூத்தவன்,
உன் அண்ணன் மைக்கேல்